ஒரு நூல் இடைவெளி

ரப்பர் கருகும் வாடை மூக்கில் ஏறியபோது முன்னால் போன லாரியைத்தான் சந்தேகப்பட்டேன். லாரி வேறு சாலையில் திரும்பிப் போன பிறகும் வாடை என்கூடவே வந்தது. அப்புறம்தான் ஓரங்கட்டினேன்.

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தால், கிளட்ச் மூடியில் பெயின்ட் போய், பிறை வடிவத்தில் அலுமினியம் பளபளக்கிறது. டயரின் பக்கச்சுவரில் அதற்கு ஜோடியாக ஒரு வளையம். சக்கரத்தைக் கையால் சுற்றினேன். எங்கேயும் உரசவில்லை. ஒரு காகிதத்தை மடித்துத் திணித்துப் பார்த்தேன், தாராளமாகப் போனது. நிற்கும்போது இருக்கிற இடைவெளி ஓடும்போது காணாமல் போகிறது. பழைய ஸ்கூட்டரில் புதுப் பாகம் மாட்டியவர்களில் பாதிப்பேராவது ஒருநாள் இப்படிக் குந்தி உட்கார்ந்து தலையைச் சொறிந்திருப்பார்கள்.

என் வண்டி வெஸ்பா பிஎக்ஸ் 150. 1977இல் வந்த பி வரிசையின் வழித்தோன்றல், 80களில் செய்தது. மூன்று மாதத்துக்குள் அதில் நான்கு பாகங்களை மாற்றியிருந்தேன். இரண்டு தட்டுகளைச் சேர்த்து முடுக்கிய பழைய ரிம்முக்குப் பதிலாக அலுமினிய ட்யூப்லெஸ் ரிம். 3.50-10 டயருக்குப் பதிலாக 100/90-10. உயரம் கூட்டிக் குறைக்கிற வசதியுள்ள ஷாக். கொஞ்சம் பெரிய வயிற்றோடு ஒரு சைலன்ஸர். நான்கும் நான்கு கம்பெனிகள். நான்கின் பெட்டியிலும் 'பிஎக்ஸுக்குப் பொருந்தும்' என்றுதான் அச்சடித்திருந்தது. பொய்யும் சொல்லவில்லை. தனித்தனியாக மாட்டினால் நான்கும் பொருந்தும். மற்ற மூன்றும் வெஸ்பா கம்பெனியின் பாகமாக, வண்டியும் நேற்றுத்தான் தொழிற்சாலையிலிருந்து வந்ததாக இருந்தால்.

டயர் கணக்கை எடுத்துக்கொள்வோம். 3.50 என்பது அங்குலம், அதாவது ஏறக்குறைய 89 மிமீ அகலம். 100/90-10இல் அகலம் 100 மிமீ. உயரம் அதில் 90 சதவீதம், அதனால் வெளிவட்டம் கிட்டத்தட்ட அதேதான். டயரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறவருக்கு உயரம் ஒன்றாக இருப்பதால் வித்தியாசமே தெரியாது. அகலத்தில் கூடிய 11 மிமீ பக்கத்துக்கு ஐந்தரையாகப் பிரிகிறது. அந்த ஐந்தரைதான் என் கிளட்ச் மூடியைத் தின்றது.

தச்சுவேலைக்காரர்களும் பழைய ஃபிட்டர்களும் இன்னும் நூல் கணக்கில் பேசுவார்கள். எட்டு நூல் ஒரு அங்குலம். ஒரு நூல் என்பது 3 மிமீக்குக் கொஞ்சம் மேலே. இந்த ஸ்கூட்டர்களில் நடக்கிற சண்டை எல்லாம் ஒன்று, ஒன்றரை நூலுக்குள் நடக்கிறது. அதைச் சுத்தியலை எடுத்துத் தீர்க்கலாம் என்று நினைத்ததுதான் என் முதல் தப்பு.

உண்மையில் அது இரண்டாவது தப்பு. முதல் தப்பு ஸ்பேசர். டயர் வலப்பக்கம் கிளட்ச் மூடியில் உரசுகிறதா, சரி, சக்கரத்தை இடப்பக்கம் ஒரு நூல் தள்ளினால் போயிற்று என்று, டிரம்முக்கும் ரிம்முக்கும் நடுவில் 3 மிமீ தகடு வைத்து முடுக்கினேன். கிளட்ச் மூடிப் பக்கம் உரசல் நின்றது. அடுத்த ஞாயிறு பின்னால் ஒரு நண்பரை ஏற்றிக்கொண்டு போனபோது இடப்பக்கம், உடம்பின் உள்சுவரில் 'சர்ர்' என்று புதிதாக ஒரு சத்தம். அதோடு, குழியில் இறங்கும்போதெல்லாம் சைலன்ஸர் சென்டர் ஸ்டாண்டில் 'டங்' என்று தட்டியது. அந்த 'டங்'குக்குத்தான் சுத்தியல். சைலன்ஸரைக் கழற்றி, ஸ்டாண்ட் தட்டும் இடத்தைச் சூடாக்கி, உருண்டையான ஒரு இரும்பை வைத்து உள்ளே தட்டினேன். ஆழமாக ஒரு குழி. 'டங்' குறைந்தது, நிற்கவில்லை.

ஸ்பேசரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சக்கரத்தைப் பிடித்திருப்பவை 8 மிமீ ஸ்டட்கள், அதாவது டிரம்மில் பதித்த மரைக்கம்பிகள். நடுவில் 3 மிமீ தகடு நுழைந்தால், நட்டுக்குக் கிடைக்கிற மரையில் 3 மிமீ போயிற்று. ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது நட்டு மரையில் பிடித்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அலுமினிய ரிம் பழைய தகட்டு ரிம்மைவிடத் தடிமன் என்பதால் ஏற்கெனவே மரை குறைந்துபோயிருந்தது. அதன்மேல் ஸ்பேசர். அந்த ஞாயிறு நாங்கள் இருவரும் எத்தனை மரையை நம்பி உட்கார்ந்திருந்தோம் என்று பின்னால் எண்ணிப் பார்த்தேன். நான்கு. ஸ்பேசர் போடவேண்டுமென்றால் நீளமான ஸ்டட்டும் சேர்த்துப் போட வேண்டும். அப்படியே போட்டாலும் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலிருந்து விலகிப்போகும்.

பட்டறையில் வயதான ஃபிட்டர் ஒருவர் இருந்தார். ஸ்கூட்டர் வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறது, சும்மா வந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் சுத்தியலோடு நிற்பதைப் பார்த்து, பேப்பரை இறக்காமலே கேட்டார்:

"தம்பி, உரசுற ரெண்டும் சேர்ந்து ஆடுதா, தனித்தனியா ஆடுதா?"

"புரியலைண்ணே."

"டயர் எதுல மாட்டியிருக்கு?"

"டிரம்ல."

"டிரம் எதுல?"

"எஞ்சின்ல."

"கிளட்ச் மூடி?"

"அதுவும் எஞ்சின்ல."

"ஸ்டாண்ட்?"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஸ்டாண்ட் உடம்பில் இருக்கிறது.

வெஸ்பாவின் எஞ்சின் சட்டத்தில் இறுக்கி வைத்த எஞ்சின் இல்லை. முன்பக்கம் ஒரு நீளமான போல்ட்டில் தொங்கிக்கொண்டு, பின்பக்கம் ஷாக்கின்மேல் தாங்கி, முழு எஞ்சினும் கதவு மாதிரி ஏறி இறங்கும். சக்கரம் நேராக எஞ்சினின் அச்சிலேயே மாட்டியிருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் பிடித்தபடி. 1946இல் முதல் வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமான எஞ்சினியர். முன்சக்கரத்தை ஒற்றைக் கையில் பிடித்த யோசனை விமானத்தின் இறங்குசக்கரத்திலிருந்து வந்தது என்பார்கள். செயின் இல்லை, தனி ஸ்விங் ஆர்ம் இல்லை, எல்லாம் ஒரே கட்டி. எவ்வளவு அழகோ அவ்வளவு நெருக்கம். அந்த 10 அங்குலச் சக்கரத்தைச் சுற்றி ஒரு பக்கம் கிளட்ச், ஒரு பக்கம் உடம்பு, முன்னால் சைலன்ஸர், பக்கத்தில் ஷாக். பெரிய டயருக்கு இடம் விட்டு யாரும் இதை வரையவில்லை.

அதனால் உரசல்களைக் கணக்கெடுக்கும்போது குடும்பம் பிரிக்க வேண்டும். டயர், கிளட்ச் மூடி, சைலன்ஸர் மூன்றும் எஞ்சின் குடும்பம். எஞ்சின் எப்படி ஆடினாலும் இவை சேர்ந்தே ஆடும். இவற்றுக்கு நடுவில் உரசல் வந்தால் காரணம் அளவில் இருக்கிறது: டயர் அகலம், ரிம் உட்காரும் இடம், அச்சு பேரிங்கின் ஆட்டம், டிரம்மின் உள்பல் தேய்மானம். இங்கே ஷாக்கை மாற்றியும் பலனில்லை, எஞ்சின் ரப்பரை மாற்றியும் பலனில்லை. உடம்பு, ஸ்டாண்ட், சட்டம், பெட்ரோல் டேங்க் எல்லாம் மற்றக் குடும்பம். இந்த இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் உரசல் என்றால், அளவு சரியாகவே இருந்தாலும் ஆட்டம் தப்பாக இருக்கலாம். ஷாக் மட்டும் கல்யாணம் செய்து வைத்த தரகர் மாதிரி: ஒரு முனை இங்கே, ஒரு முனை அங்கே.

என் வண்டியில் கிளட்ச் மூடியில் விழுந்த பிறை முதல் வகை. இடப்பக்கச் சத்தமும் 'டங்'கும் இரண்டாம் வகை. நான் மூன்றையும் ஒரே நோய் என்று நினைத்து ஒரே மருந்து கொடுத்திருக்கிறேன்.

பெரியவர் எழுந்து வந்து, வண்டியை ஸ்டாண்டில் போடச் சொல்லி, ஒரு கையால் உடம்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பின்சக்கரத்தின் அடிப்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளினார். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங் அல்லது டிரம். எஞ்சினோடு சேர்ந்து ஆடினால் முன்னால் இருக்கிற ரப்பர். எஞ்சினோடு சேர்ந்து ஆடியது, அதுவும் நன்றாக. டயரின் ஓரத்துக்கு நேராகத் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு அளந்தேன்: அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு 9 மிமீ. கிட்டத்தட்ட மூன்று நூல். நான் ஒரு நூலுக்குத் தகடு வெட்டிக்கொண்டிருந்தபோது வண்டி மூன்று நூல் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது.

எஞ்சினைத் தாங்கும் அந்த நீள போல்ட்டின் இரண்டு முனையிலும் இரும்புக் குழலுக்குள் ரப்பர் புஷ் இருக்கிறது. அதிர்வு உடம்புக்கு ஏறாமல் அது வாங்கிக்கொள்ளும். முப்பது வருடம் எண்ணெயும் சூடும் பட்டால் ரப்பர் ஒன்று கல்லாகும், இல்லையென்றால் பஞ்சாகும். என்னுடையது பஞ்சு. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது உள்குழல் நடுவில் இல்லை. எஞ்சின் எடை இழுத்த பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தது. சைலன்ஸருக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டிய இடைவெளி அங்கேதான் போயிருக்கிறது.

பழைய புஷ்ஷை வெளியே எடுப்பது ஒரு மாலை முழுக்க ஆன வேலை. அடித்து எடுக்கப் பார்க்காதீர்கள், எஞ்சினின் வெளிக்கூடான கேசிங் அலுமினியம். நீளமான மரைக்கம்பி, ஒரு பக்கம் புஷ் உள்ளே வந்து விழுகிற அளவுக்குக் குழாய்த் துண்டு, மறுபக்கம் புஷ்ஷின் விட்டத்துக்குக் கொஞ்சம் குறைந்த வாஷர், இரண்டு நட். முடுக்க முடுக்க மெதுவாக வெளியே வரும். புதியதை அதே மாதிரி சோப்புத்தண்ணீர் தடவி இழுத்து உள்ளே உட்கார வைக்கலாம். பலர் விட்டுவிடுகிற ஒரு விஷயம்: போல்ட்டின் கடைசி முடுக்கை வண்டி தன் எடையில் சக்கரத்தின்மேல் நிற்கும்போது போட வேண்டும். ஸ்டாண்டில், சக்கரம் தொங்கும்போது முடுக்கினால், வண்டியை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். புது ரப்பர் சீக்கிரம் கிழியும்.

மாற்றிய பிறகு அதே சாக்பீஸ் கோடு, அதே தள்ளல். 3 மிமீக்குள் நின்றது. ஸ்டாண்டின் இடைவெளியை அளந்தேன், 8 மிமீ. சைலன்ஸரில் நான் போட்ட குழி அவசியமே இல்லாத குழி. பெரியவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, பேப்பரைத் திருப்பினார்.

இரண்டு குடும்பத்துக்கும் நடுவிலான இடைவெளியை வண்டி நிற்கும்போது அளந்து பயனில்லை என்பது அப்போது புரிந்தது. ஷாக்கின் முழு ஓட்டத்திலும் அளக்க வேண்டும். நான் செய்வது இது: பின் ஷாக்கைக் கழற்றிவிட்டு, உடம்பைப் பாதுகாப்பாக முட்டுக்கொடுத்து நிறுத்தி, எஞ்சினுக்கடியில் சின்ன ஜாக் வைத்து, முழுக்கத் தொங்கும் நிலையிலிருந்து முழுக்க ஏறும் நிலைவரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. கழற்றிய ஷாக்கின் நீளத்தை அமுங்கிய நிலையிலும் விரிந்த நிலையிலும் முன்னமே குறித்துக்கொண்டால் எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்துவது என்று தெரியும். ஒவ்வொரு நிலையிலும் எஞ்சினைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்க வேண்டும். சாலை அப்படித்தான் தள்ளும்.

அளக்க விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். டிரில் பிட்டின் பின்பக்கம் நல்ல அளவுகோல்: 3, 5, 8 என்று எடுத்து நுழைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும். கை நுழையாத இடத்தில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டிவிட்டு, எஞ்சினை ஏற்றி இறக்கி, களிமண் எவ்வளவு மெலிந்தது என்று வெர்னியரில் பார்க்கலாம். ஓடும்போது எங்கே தொடுகிறது என்பதற்குச் சாக்பீஸ்தான் உளவாளி. சந்தேகப்படும் இடங்களில் பூசிவிட்டு ஒரு சுற்று போய் வந்தால், அழிந்த இடம் குற்றவாளி.

எவ்வளவு இடைவெளி போதும்? புத்தக அளவு என்று சொல்லாமல் என் பழக்கத்தைச் சொல்கிறேன். எஞ்சின் குடும்பத்துக்குள் டயரைச் சுற்றி 4 மிமீ. வேகத்தில் டயர் கொஞ்சம் புடைக்கும், வளைவில் பக்கச்சுவர் வளையும், புது டயரின் ரப்பர் முடிகள் வேறு. இரண்டு குடும்பத்துக்கு நடுவில் மோசமான நிலையிலும் 6 மிமீ, அதாவது இரண்டு நூல். அதற்குக் கீழே எனக்குத் தூக்கம் வராது.

இந்தக் கணக்கில் என் 100/90 டயர் தேறவில்லை. ரப்பர் மாற்றியும் கிளட்ச் மூடிப் பக்கம் 1 மிமீதான். அது ரப்பரால் சரியாகிற நோய் இல்லையே. ரிம்மைப் புரட்டி மாட்டியிருக்கிறேனா என்றும் சோதித்தேன். பழைய இரட்டைத்தட்டு ரிம்மில் இரண்டு பாதியும் ஒரே அகலம் இல்லை, புரட்டிப் போட்டால் டயர் உட்காரும் கோடே மாறிவிடும், பாதி 'உரசல்' புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். என்னுடையது ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரே 100/90-10 என்று அச்சடித்த டயர்களே கம்பெனிக்குக் கம்பெனி சில மிமீ மாறும், ரிம்மின் அகலம் கூடினால் டயரும் விரிந்துகொள்ளும், அதனால் ஒல்லியான ஒன்றைத் தேடலாமா என்று யோசித்தேன். கடைசியில் 3.50-10க்கே திரும்பிவிட்டேன், அதே ட்யூப்லெஸ் ரிம்மில். எட்டுக் குதிரைத்திறன் சொச்சம் இருக்கிற வண்டிக்கு அகலமான டயர் எதற்கு என்று மனசாட்சி ஆரம்பத்திலேயே கேட்டது. பின்னாலிருந்து பார்க்க நன்றாக இருந்தது என்பதுதான் உண்மையான காரணம். ஸ்பேசர் குப்பைக்குப் போயிற்று.

பழைய ரிம் என்றதும் ஒரு எச்சரிக்கை. காற்றை முழுக்க இறக்காமல் அந்த இரண்டு பாதிகளைச் சேர்க்கும் நட்டுகளில் ஸ்பேனரை வைக்காதீர்கள். சக்கரத்தை டிரம்மோடு பிடிக்கும் நட்டுகள் வேறு, இவை வேறு. மாற்றிக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரியும்.

ஷாக் விஷயம் சுருக்கமாக. உயரத்தைக் கூட்டினால் எஞ்சின் கீழே தள்ளப்படும், உடம்பு பின்பக்கம் எழும்பும். இடைவெளிகள் சில கூடும், சில குறையும். ஸ்டாண்டில் போட்டால் பின்சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டு வண்டி தத்தளிக்கும். முன்சக்கரத்தின் பின்னிழுப்பு குறைந்து ஹேண்டில் பதற்றமாகும். என் ஷாக்கின் ஸ்பிரிங் கம்பெனி ஷாக்கைவிடப் பருமன், டயரை நெருங்கி நின்றது. உயரத்தைப் பழைய ஷாக்கின் அளவுக்கே இறக்கி வைத்தேன். கூட்டிக் குறைக்கிற வசதிக்குக் காசு கொடுத்துவிட்டு அதைக் குறைத்தே வைத்திருக்கிறேன்.

சைலன்ஸர் அப்படிச் சுருக்கமாக முடியாது. உதிரிக் கம்பெனிகளின் சைலன்ஸர்களில் பெரும்பாலான பொருத்தக்குறை, சைலன்ஸரை எஞ்சினில் பிடிக்கும் பிடிதகட்டில்தான் இருக்கிறது. இப்படி யோசியுங்கள். கேசிங் மெஷினில் கடைந்தது, அதன் துளைகள் இடம் பிசகாமல் சுத்தமாக இருக்கும். சைலன்ஸரோ தகடு மடித்து வெல்டிங் வைத்தது, ஆறும்போது ஒன்றிரண்டு மிமீ இழுத்துக்கொள்ளும். வட்டமான துளையோடு வருகிற பிடிதகட்டை வட்டமான துளையில் மாட்ட வேண்டுமென்றால் எங்கோ ஒன்றை வளைத்துத்தான் மாட்ட முடியும். வளைத்து மாட்டிய சைலன்ஸர் சிலிண்டர் முனையில் கசியும், ஆறு மாதத்தில் வெல்டிங்கில் விரிசல் விடும். பிறகு 'மட்டமான சரக்கு' என்று திட்டுவோம்.

நான் செய்தது: முதலில் எல்லா போல்ட்டையும் தளர்வாக மாட்டினேன். சிலிண்டர் முனையை மட்டும் முழுக்க உட்கார வைத்து முடுக்கினேன். அப்போது பிடிதகட்டின் துளை கேசிங் துளையிலிருந்து 4 மிமீ விலகி நின்றது. கையால் அழுத்தினால் வந்து பொருந்தும், ஆசை காட்டும். அழுத்தாமல், விலகிய திசையில் துளையை உருண்டை அரத்தால் நீட்டி நீள்துளை ஆக்கினேன். தடித்த வாஷர் போட்டு முடுக்கினேன். எதையும் இழுக்காமல் சைலன்ஸர் தன் போக்கில் நின்றது. தடியான தகடு என்றால் துளையை நீட்டுவதில் பெரிய ஆபத்து இல்லை. மெல்லிய தகடு என்றால் ஓரத்தில் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சூட்டையும் மறக்கக்கூடாது. அரை மீட்டர் இரும்புக்குழாய் 300 டிகிரி சூடேறினால் 2 மிமீக்குக் கொஞ்சம் குறைய நீளும். குளிர்ந்த சைலன்ஸரில் 2 மிமீ இடைவெளி பார்த்து மகிழ்ந்தால் அது பத்துக் கிலோமீட்டர் மகிழ்ச்சிதான்.

நண்பர் ஒருவரின் லாம்ப்ரெட்டாவிலும் இதே குடும்பக் கதை வேறு வேஷத்தில் நடந்தது. 1962இல் வந்த மூன்றாம் வரிசை ஒல்லி உடம்பு. வெஸ்பா மாதிரி தகட்டு உடம்பு இல்லை, குழாய்ச் சட்டம், ஆனால் எஞ்சின் அதேபோல ஏறி இறங்கும். பெரிய கார்புரேட்டர் மாட்டினார். நிற்கும்போது சட்டத்துக்கும் அதற்கும் நடுவில் விரல் போகும். குழியில் இறங்கினால் எஞ்சின் ஏறிக் கார்புரேட்டர் சட்டக் குழாயில் இடிக்கும். ஷாக்கைக் கடினமாக்கிப் பார்த்தார், இடி குறைந்தது, முதுகு வலித்தது. குழாயில் ஒரு பிறை வெட்டி எடுத்துத் தகடு வைத்து வெல்டிங் செய்துவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். நல்லவேளை, செய்யவில்லை. கார்புரேட்டரைச் சிலிண்டரோடு சேர்க்கும் குழாயை, அதாவது மேனிஃபோல்டை, கோணம் மாறிய குட்டையான ஒன்றாக மாற்றி, ரப்பர் இணைப்பும் போட்டதும் சரியாயிற்று. அதற்கு முன்னால் சட்டத்தை நூல் பிடித்துப் பார்த்தபோதுதான், எப்போதோ விழுந்த வண்டி, ஒரு பக்கக் குழாய் சில மிமீ உள்ளே வந்திருக்கிறது என்று தெரிந்தது. கார்புரேட்டர் செய்தவரின் வரைபடத்தில் நேரான சட்டம் இருந்திருக்கும். இவரிடம் இருந்தது அறுபது வயதுச் சட்டம்.

எதை வெட்டலாம் என்ற கேள்விக்கு எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எதையும் வெட்டாமல் பழைய தேய்மானத்தைச் சரிசெய்வது. அடுத்துப் புதுப் பாகத்தின் பிடிதகடு, துளை. அடுத்துப் புதுப் பாகமே. கேசிங்கில் கை வைப்பது வேறு வழியே இல்லாதபோது. சட்டத்தில் ஒருபோதும் இல்லை. புதுப் பாகம் கெட்டால் இன்னொன்று வாங்கலாம், அந்தச் சட்டத்தை இனி யாரும் செய்யப்போவதில்லை.

கேசிங்கில் ஒருமுறை கை வைத்திருக்கிறேன், கிளட்ச்சுக்காக. 80களின் கடைசியில் வந்த வெஸ்பா கோசா மாடலின் கிளட்ச் கொஞ்சம் பெரிய விட்டம், இன்னும் உறுதி. பிற்கால பிஎக்ஸ்களிலும் அதுவே வந்தது. முந்தைய கேசிங்கில் போட்டால் உள்ளே ஒரு மேட்டில் தட்டும். பார்த்தால் தெரியாது. கிளட்ச் கூடையின் வெளிவிளிம்பில் மார்க்கர் மையைப் பூசி, கையால் நான்கு சுற்று சுற்றிக் கழற்றினால் மேட்டில் மை ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும், 1 மிமீ, அரத்தால். அலுமினியம் அரத்தின் பல்லில் அப்பிக்கொள்ளும், அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் அப்பாது. கேசிங்கின் மற்ற வாய்களை எல்லாம் துணியால் அடைத்துவிட்டு, மேட்டில் கிரீஸ் பூசிக்கொண்டு தேய்த்தால் தூள் கிரீஸிலேயே ஒட்டும். அப்படியும் நான் பிறகு கியர் ஆயிலை ஊற்றி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றினேன். மொத்தமே 250 மில்லி ஆயில், இதில் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம்.

எஞ்சினுக்கு உள்ளே போய்விட்டால் நூல் கணக்கு செல்லாது, மயிரிழைக் கணக்கு. வெளியே உரசினால் பெயின்ட் போகும். உள்ளே உரசினால் எஞ்சின் போகும். 63 மிமீ போர், அதாவது உள்விட்டம், உள்ள சிலிண்டர் கிட் வாங்கினேன். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான 57 மிமீ ஸ்ட்ரோக்கோடு சேர்த்தால் 177 சிசி. பிஸ்டன் மேல் உச்சிக்கு வரும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பதுதான் கேள்வி. ஸ்க்விஷ் என்பார்கள். கிட்டின் தாளில் அது எழுதியிருந்தாலும் நம்பவேண்டாம். உங்கள் கேசிங் முகம் எத்தனை முறை தேய்த்துச் சமப்படுத்தப்பட்டது என்று தாள் எழுதியவருக்குத் தெரியாது.

2 மிமீ ஈயக்கம்பி, ரேடியோ பற்றவைப்பவர்கள் வைத்திருப்பார்களே, அது போதும். இரண்டு துண்டை, பிஸ்டனை ராடோடு சேர்க்கும் ஊசி (பிஸ்டன் பின்) இருக்கும் கோட்டிலேயே, இரண்டு ஓரத்திலும் கிரீஸால் ஒட்ட வேண்டும். வேறு கோட்டில் ஒட்டினால் பிஸ்டன் சாய்ந்து கொடுத்துப் பொய்யளவு காட்டும். ஹெட்டை மாட்டி, நட்டுகளை முழு முடுக்கில் முடுக்கி, ஃப்ளைவீலைக் கையால் ஒரு சுற்று. கழற்றி, நசுங்கிய ஓரத்தை அளந்தேன். ஒரு பக்கம் 0.65, மறுபக்கம் 0.75. சராசரி 0.7. சாலையில் ஓடும் வண்டிக்கு எனக்கு வேண்டியது 1.2 பக்கம். கையால் சுற்றும்போது தட்டாத பிஸ்டன் எஞ்சின் கத்தும்போது தட்டும், ஏனென்றால் அப்போது ராடு நீளும், கிராங்க் வளையும், பேரிங் தன் ஆட்டத்தைக் கொடுக்கும். சிலிண்டருக்கு அடியில் 0.5 மிமீ பேக்கிங் சேர்த்தேன், மறுபடி ஈயம் வைத்தேன், 1.2 வந்தது. ரொம்பக் கூட்டி வைத்தாலும் கெடுதல், ஓரத்தில் தங்குகிற கலவை சரியாக எரியாமல் எஞ்சினில் தட்டல் (நாக்கிங்) வரும், சூடு ஏறும்.

இதில் ஆசைக்காரர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. 57க்குப் பதில் 60 மிமீ ஸ்ட்ரோக் கிராங்க். 3 மிமீ கூடியது என்றால் பிஸ்டன் மேலே ஒன்றரை, கீழே ஒன்றரை கூடுதலாகப் போகும். அந்த ஒன்றரையை யாராவது எங்கேயாவது தகடு வைத்து ஈடுகட்ட வேண்டும். சிலிண்டருக்கு அடியில் வைத்தால், சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் வாய்களான போர்ட்கள் எல்லாம் மேலேறி, எஞ்சின் உயர்வேகத்தில் மட்டும் உயிர் வருகிற சுபாவமாகும். மேலே ஹெட்டுக்குக் கீழே வைத்தால் அவ்வளவு மாறாது. எப்படி வைத்தாலும் ஹெட் ஒன்றரை மிமீ வெளியே நகர்கிறது. காற்றுக் கவசம் நகர்கிறது. பிளக் தொப்பி பக்கத்து மூடியை நெருங்குகிறது. உள்ளே சரிசெய்த ஒன்றரை மிமீ வெளியே வந்து வேறு கதவைத் தட்டும். நான் 57இலேயே நின்றுகொண்டேன்.

இன்னொரு சின்ன விஷயம், எங்கேயும் சேராமல் நிற்கிறது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். பவுடர் கோட்டிங் போட்ட பாகங்கள். அந்தப் பூச்சு ஒரு முகத்துக்குச் சாதாரணமாக 60 முதல் 100 மைக்ரான். இரண்டு முகம் சேருமிடத்தில் அது இரட்டிப்பு. இடைவெளியைவிட எனக்குப் பயம் நட்டுக்கு அடியில்: சூட்டில் பூச்சு அமுங்கும், நட் தளரும். சக்கர நட் உட்காரும் இடத்தில் நான் பூச்சைச் சுரண்டிவிடுவேன். கோட்டிங் போட்டவர் பார்த்தால் அழுவார்.

இப்போது வண்டி உரசாமல் ஓடுகிறது. போன வாரம் வழக்கம்போலக் கிளட்ச் மூடியிலும் உடம்பின் உள்சுவரிலும் சாக்பீஸ் பூசிவிட்டு, பின்னால் அதே நண்பரை ஏற்றிக்கொண்டு, வேண்டுமென்றே குழிகளாகப் பார்த்துப் போனேன். திரும்பி வந்து டார்ச் அடித்தேன். இரண்டு இடத்திலும் வெள்ளை அப்படியே இருந்தது. சைலன்ஸர் குழியில் மட்டும், ஸ்டாண்டிலிருந்து 8 மிமீ தள்ளி, எதற்கென்றே தெரியாமல் கொஞ்சம் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.